தொந்தரவு இல்லாத பிள்ளை

பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேச ஏதாவது இருக்கும். ஒருவனுக்குக் கணக்கில் கவனம் போதவில்லை. ஒருத்தி பக்கத்துப் பெஞ்சோடு ஓயாமல் பேசுகிறாள். இன்னொருவன் ரெக்கார்டு நோட்டை இன்னும் முடிக்கவில்லை. ஒரு சில பெற்றோர் மட்டும் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்கள். "உங்க பொண்ணால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ரொம்ப அமைதி" என்று ஆசிரியர் சொல்வார். அம்மாவின் முகம் மலரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுப்பவள் நான். பல ஆண்டுகள் வகுப்பாசிரியராகவும் இருந்திருக்கிறேன். அந்தத் தொந்தரவில்லாத பிள்ளைகளில் சிலர், காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை பயந்துகொண்டே இருப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைப் பெற்றோர் நம்பும்படி எடுத்துச் சொல்வது எத்தனை கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு மாணவி. பெயர் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு ஆண்டு இறுதியில் செய்முறைத் தேர்வு. சி.பி.எஸ்.இ. முறையில் உப்புப் பகுப்பாய்வுக்கு 8 மதிப்பெண், ரெக்கார்டுக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் சேர்த்து 4. அவளுக்கு அன்று வந்தது ஒரு நைட்ரேட் உப்பு. சோதனைக் கரைசல் இருந்த குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் பிசிறில்லாமல் வந்தது. அன்று அந்த ஆய்வகத்தில் அவ்வளவு சுத்தமான வளையம் வேறு யாருக்கும் வரவில்லை. தேர்வாளராக வந்திருந்தவர் வேறொரு பள்ளி ஆசிரியர், குரலை உயர்த்தியே பேசாதவர். "அமிலத்தை ஏம்மா ஓரமா விடணும்?" என்று கேட்டார். அவளுக்கு விடை தெரியும், ரெக்கார்டிலேயே எழுதியிருக்கிறாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. கையிலிருந்த குழாய் ஸ்டாண்டில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. அவர் கேள்வியை எளிதாக்கினார், இன்னும் எளிதாக்கினார். கடைசியில் பெயரைக் கேட்டார். அதற்கும் பதில் வரவில்லை.

அவளை நான் முன்பே கவனித்திருந்தேன். வகுப்பில் அவள் தண்ணீரே குடிக்கமாட்டாள். குடித்தால் பாத்ரூம் போகவேண்டியிருக்கும், போகவேண்டுமென்றால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேட்கவேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்தே தாகத்தோடு இருப்பாள், மதியம் தலைவலி வரும். அம்மா கண் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி மாற்றிவந்தார். திங்கட்கிழமை காலைகளில் வயிற்றுவலி. அதற்கு ஸ்கேன். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்துட்டு மிஸ். பள்ளிக்கூடம் போவாம இருக்க நடிக்கா" என்றார் அந்த அம்மா. "வீட்ல வாய் ஓயாது. தம்பிகிட்ட அந்தச் சண்டை போடுதா. வெளிய வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டை. இதுக்குப் பேரு என்ன, திமிருதான?"

இப்படிக் கேட்கும் தாய் கல்நெஞ்சக்காரி இல்லை. பிள்ளைக்கு ஒன்றென்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர். கண்ணுக்குக் காட்டினார், வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார், தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். அவர் கண்ணில் படுகிற இடம் வீடு. அங்கே பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். நோவு வருகிற இடமோ அவர் இல்லாத இடம்: வகுப்பு, பஸ், கடைவாசல், கல்யாண மண்டபம். வீட்டில் பேசுகிறவள் வெளியே பேசாததால் வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்த வித்தியாசம்தான் மருத்துவருக்கு முதல் தடயம். தன்னை யாரும் எடைபோடமாட்டார்கள் என்று நம்புகிற இடத்தில் வாய் திறக்கிறது, மற்ற இடத்தில் அடைத்துக்கொள்கிறது.

கூச்சம் வேறு, சமூகப் பதற்றம் என்ற இந்தப் பயம் வேறு. கூச்சமுள்ள பிள்ளை புது இடத்தில் சிறிது நேரம் ஒதுங்கி நின்றுவிட்டுப் பிறகு கலந்துவிடும். சமூகப் பதற்றம் உள்ள பிள்ளைக்குப் பழகப் பழகவும் பயம் குறைவதில்லை. பார்ப்பவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள், குரல் நடுங்குவதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ, சிரித்துவிடுவார்களோ என்ற ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வரும். கவனம் முழுவதும் தன் மீதே திரும்பிவிடுவதால் எதிரே இருப்பவர் கேட்கும் கேள்விகூடச் சரியாகக் காதில் விழாது. சம்பவம் முடிந்த பிறகும் ராத்திரி படுக்கையில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். இது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கிறது என்றால் மருத்துவர்கள் அதை நோயாகவே கணக்கில் எடுக்கிறார்கள். பெரும்பாலும் 13 வயதையொட்டித்தான் இது தலைகாட்டுகிறது. மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. எல்லா வகைச் சிக்கலும் சேர்ந்த கணக்கு அது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

"எல்லாம் இந்த போனால வந்தது" என்று சொல்லாத அப்பா அநேகமாக இல்லை. போன் பிள்ளையை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர் லண்டனில் இந்தப் பயத்தைத் தனியாகப் பிரித்து எழுதியது 1960-களில். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது 1980-ல். அப்போது எந்தப் பிள்ளை கையிலும் போன் இல்லை. போனைப் பிடுங்கி வைத்தால் பயம் போய்விடும் என்று காத்திருப்பதில் மாதங்கள்தான் கழியும்.

"நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன், இப்ப நல்லாயில்லையா?" என்பது இன்னொன்று. அதைச் சொல்லும்போது சில அப்பாக்களின் குரல் தணியும். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதுதான். அவரைக் கொஞ்சம் பேசவிட்டால், மேலதிகாரி முன்னால் வாய் வராமல் பதவி உயர்வைக் கைவிட்டதும், கல்யாண வீடுகளில் மொய் எழுதிய கையோடு பந்திக்கு நிற்காமல் திரும்புவதும் வெளியே வரும். சமாளித்து வந்திருக்கிறார், அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அதே விலையை மகனும் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால் யோசிப்பார்.

பெண்பிள்ளை என்றால் சிக்கல் கூடுகிறது. தலை நிமிராமல் போகிறாள், வாய் திறக்கமாட்டாள், இருக்கிற இடமே தெரியாது என்றெல்லாம் ஊர் அவளைப் பாராட்டுகிறது. வியாதியின் அறிகுறிக்கு நல்லபெயர் கிடைத்துவிட்டால் வைத்தியம் பார்க்க யாருக்குத் தோன்றும்? அப்படியே தோன்றினாலும், "மனநல டாக்டர்கிட்ட போனோம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துக்கு யார் வருவா?" என்ற பயம் குறுக்கே நிற்கும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. டி.சி.யிலோ மதிப்பெண் சான்றிதழிலோ யாரும் இதை எழுதுவதில்லை. இதைத் தெளிவாகச் சொன்னால் பாதித் தயக்கம் போகும்.

பெற்றோரிடம் பேசும்போது நோயின் பெயரை முதலில் எடுப்பதில்லை நான். பெயரைச் சொன்னதும் அவர்கள் அதை மறுப்பதில் இறங்கிவிடுவார்கள். பிள்ளை எதையெல்லாம் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் முன்னால் வைப்பேன். அந்த மாணவிக்கு வாய்ப்பேச்சு வராது, கை நன்றாக எழுதும். பயத்தால் என்னென்ன செய்யாமல் விட்டாள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தாள்: கேன்டீனில் பாக்கிச் சில்லறையைக் கேட்டு வாங்கவில்லை. ரெக்கார்டில் கையெழுத்து வாங்க ஸ்டாஃப் ரூம் வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். பெரியம்மா வீட்டு விசேஷத்தில் "என்னைத் தெரியுதா?" என்று கேட்பார்களே என்று பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். டியூஷன் முடிந்து வரும்போது நம்ம ஸ்டாப்பில் "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்ல வரவில்லை, பத்தமடை போய் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.

அவளுடைய சம்மதத்தோடு அந்தத் தாளை அவள் அப்பாவிடம் கொடுத்தேன். மேலேயிருந்து வேகமாகப் படித்துக்கொண்டே வந்தவர் பஸ் வரியில் நின்றுவிட்டார். பத்தமடை வழியாகப் போகும் அம்பாசமுத்திரம் சாலை அவருக்குத் தெரியும். ராத்திரி அந்த வழியில் இரண்டு பக்கமும் வயல், விளக்கு கிடையாது, லாரிகள் போகும். பஸ் லேட் என்றுதான் அன்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். "ஏம்மா, இருட்டுலயா நடந்து வந்த?" என்று கேட்டார். திமிர் பிடித்த பிள்ளை இருட்டில் தனியாக நடக்காது என்பதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நம்பியபிறகு பெற்றோர் இரண்டில் ஒரு பக்கம் சாய்வார்கள். கிணற்றில் தள்ளினால் நீச்சல் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் விருந்தாளி முன்னால் பாடச் சொல்வார்கள், பேச்சுப் போட்டியில் பெயர் கொடுப்பார்கள். இன்னொரு வகையினர் எல்லாவற்றையும் தாங்களே செய்வார்கள். ஹோட்டலில் ஆர்டர் கொடுப்பது அம்மா, போன் எடுப்பது அப்பா, டாக்டர் "என்னம்மா செய்யுது?" என்றால் பதில் சொல்வது பாட்டி. முதலாவது பிள்ளையை மேலும் ஒடுங்கவைக்கும். இரண்டாவது அன்பினால் செய்வது, ஆனால் தப்பித்த ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது. சிறிது சிறிதாக எதிர்கொள்வதே வழி. பழக்கப்பட்ட கடையில் ஒரு பொருளைப் பெயர் சொல்லி வாங்குவது, பிறகு அத்தையிடம் போனில் இரண்டு வார்த்தை பேசுவது, பிறகு கண்டக்டரிடம் ஸ்டாப்பைச் சொல்வது. ஒரு படியில் பயம் அடங்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் அடுத்த படி.

இதையே முறையாகச் செய்வதுதான் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை. மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிடுவார்களோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த வயதினருக்கு 45 நிமிடம் வீதம் 8 முதல் 12 அமர்வுகள் பேச்சுச் சிகிச்சையையே முதலில் பரிந்துரைக்கிறது, வழக்கமாக மருந்து கொடுக்கவேண்டாம் என்கிறது. மருந்து தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. அதை மனநல மருத்துவர் முடிவுசெய்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை அது, தமிழிலேயே பேசலாம்.

அந்த மாணவி மறு ஆண்டு போர்டு செய்முறைத் தேர்வில் வைவாவுக்குப் போனாள். கை நடுங்கியது. இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள், மூன்றாவதற்குத் தெரியாது என்று சொன்னாள். தெரியாது என்பதை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்ததுதான் அவளுக்குப் பெரிய தேர்ச்சி. பயம் முழுதாகப் போய்விடவில்லை. அதற்காக எதையும் விட்டுக்கொடுப்பதை நிறுத்தியிருக்கிறாள்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது இதுதான். மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுகிற பிள்ளைக்கு, உலகத்திலேயே பெரிய அபிப்பிராயம் உங்களுடையது. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் எதிரே வந்து "எனக்கு ஆளுங்களப் பாத்தா பயமா இருக்கு" என்று சொல்கிறது என்றால், அதன் பயம் எதைச் செய்யாதே என்று தடுக்கிறதோ அதையே செய்து முடித்திருக்கிறது. எந்த மேடைப் பேச்சையும்விடக் கடினமான பேச்சு அது. அதற்கு "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பதில் வந்தால், பேசினால் அவமானம்தான் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது சரியென்று ஆகிவிடும், மறுபடி சொல்லாது. அறிவுரையும் உதாரணமும் அப்புறம் இருக்கட்டும். எங்கே, எப்போது, என்ன ஆகிறது என்று கேளுங்கள், சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.