ஆசேரின் மகள் சேராள்

வமிசாவளி என்பது பெரும்பாலும் ஆண்மக்களின் கணக்கேயாம். இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னானைப் பெற்றான் என்று இறங்கிவரும் அவ்வரிசையில், பெற்றவள் யார் என்னும் கேள்விக்கு இடமே இராது. எபிரேய வேதத்திலுள்ள நீண்ட பெயர்ப்பட்டியல்களும் பெரிதும் இத்தகையனவே. வாசிப்போர் பலர் அவற்றைச் சலிப்புடன் தள்ளிவிட்டு அடுத்த கதைக்குச் சென்றுவிடுவர். யானோ தோட்டத்துக் கிராணி. பெயர் எழுதுவதும், ஆள் எண்ணுவதும், கூட்டுத்தொகை சரிபார்ப்பதும் என் பிழைப்பு. ஆதலின் ஒரு பட்டியலைக் கண்டால் கூட்டிப் பாராமல் விட மனம் வருவதில்லை. அங்ஙனம் கூட்டியபொழுது எதிர்ப்பட்டவளே சேராள்.

ஆதியாகமம் 46ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். கானான் நாட்டைப் பஞ்சம் வாட்ட, முதியவராகிய யாக்கோபு மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் எகிப்துக்குக் குடியேறுகிறார். அக்குடும்பம் அங்கே தாய்வாரியாக எண்ணப்படுகிறது. லேயாள் வழியில் 33, சில்பாள் வழியில் 16, ராகேல் வழியில் 14, பில்காள் வழியில் 7. ஆக 70 பேர். மருமக்கள்மார் இத்தொகையிற் சேரார் என்று நூலே கூறிவிடுகிறது. யாக்கோபின் சந்ததியில் பெயர் சுட்டப்பட்ட பெண்கள் இருவரே. ஒருத்தி அவர் மகள் தீனாள். மற்றொருத்தி பேர்த்தி சேராள்.

சில்பாள் வழியினரை மட்டும் எண்ணிப் பார்ப்போம். அவளுக்குப் புதல்வர் இருவர்: காத், ஆசேர். காத்துக்குப் பிள்ளைகள் எழுவர்; அவனையும் சேர்த்தால் எட்டு. ஆசேருக்கு இம்னா, இஸ்வா, இஸ்வி, பெரீயா என நால்வர். பெரீயாவுக்கு ஏபேர், மல்கியேல் என இருவர். ஆசேரையும் சேர்த்தால் ஏழு. எட்டும் ஏழும் பதினைந்து. நூல் கூறுவதோ பதினாறு! அந்நால்வரின் சகோதரியாகிய சேராளே அப்பதினாறாவது ஆள். அவளை நீக்கினால் கணக்கு இடிக்கும். போகிற போக்கில் ஒட்டவைத்த பெயரன்று அது. தொகையில் ஓர் ஆளாக நின்ற பெயர்.

இனி அவள் குலத்தை நோக்குவோம். பாட்டியாகிய சில்பாள், லாபான் தன் மகள் லேயாளுக்கு மணத்தின்போது கொடுத்த அடிமைப்பெண். தனக்குப் பிள்ளைப்பேறு நின்றதென்று கண்ட லேயாள், அவளைத் தன் கணவனுக்குக் கொடுத்தாள். பிறந்த மகவுக்குப் பாக்கியத்தைக் குறிக்கும் ஆசேர் என்னும் பெயரை இட்டவளும் லேயாளே; பெற்றவள் என்ன நினைத்தாள் என்று எழுதுவார் இல்லை. சில்பாளின் தாய்தந்தையர் பெயரை வேதம் சொல்லவில்லை. சேராளின் தாய் பெயரையும் சொல்லவில்லை. முன்னும் பின்னும் பெயரற்ற பெண்கள் நிற்க, அடிமையின் பேர்த்தி ஒருத்தி மட்டும் பெயரோடு நிற்கிறாள்.

எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தில் அப்பெயர் மீண்டும் வருகிறது. அது இருபது வயதுக்கு மேற்பட்ட போர்வீரர்களின் தொகை. ஆசேர் கோத்திரத்தார் 53,400 பேர். ஆடவர் கணக்கில் ஒரு மகளுக்கு என்ன வேலை? இக்கேள்வி யூத அறிஞரை நெடுங்காலம் வருத்தியது. அரமேய மொழிபெயர்ப்பு ஒன்று அவளை ஆசேருடைய மனைவியின் மகள் என்றது. 13ஆம் நூற்றாண்டினரான நாக்மானிடீஸ் அதனைத் தழுவி, அவள் சொத்துரிமை எய்தியவள், ஆகவே பெயர் பெற்றாள் என்று விளக்கினார். அதற்கடுத்த அதிகாரத்திலேயே செலொப்பியாத்தின் புதல்வியர் ஐவர் தந்தையின் பங்கைக் கேட்டு மோசேயின் முன் நிற்பதை நோக்க, இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது.

பிற்காலத்தார் இவ்வொரு பெயரைப் பற்றிக்கொண்டு கதைகள் பல புனைந்தனர். யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்னும் செய்தியை, கிழவர் அதிர்ச்சியால் மாளாதபடி, யாழிசையோடு பாடிச் சொன்னவள் அவள் என்றனர். எகிப்தைவிட்டுப் புறப்படும் நாளில் யோசேப்பின் பெட்டி நைல் நதியில் கிடக்கும் இடத்தை மோசேக்குக் காட்டியவள் அவளே என்று தல்மூது கூறும். ஈரானில், இஸ்பகானுக்கு அருகே பீர் பக்ரானில், அவள் பெயரால் யூதர் போற்றும் தலமொன்றும் உண்டு. இவற்றைச் சரித்திரமென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் பெயர் ஒன்று எழுதப்பட்டிருந்ததனாலன்றோ அதைச் சுற்றி நினைவு படர்ந்தது? பெயரில்லாதவளைப்பற்றி யார் கதை சொல்வார்?

எங்கள் குடும்பத்தில் பாட்டனார், அவர் தந்தை, அவருக்கும் தந்தை என மூன்று தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வர். அவர்களுடைய மனைவியர் பெயர் யாதென்று என் தந்தையாரைக் கேட்டேன். தம் தாயாரின் பெயரைச் சொன்னார். அதற்கு மேல், 'அப்பத்தா என்றுதான் கூப்பிடுவோம். பேர் யாருக்குத் தெரியும்?' என்றார். அவ்வம்மையும் கப்பலேறி வந்தவள், பால்மரம் வெட்டியவள். நாள்தோறும் பெயர்க்கணக்கில் அவள் பெயர் எழுதப்பட்டே இருக்கும். அப்புத்தகங்கள் இன்று இல்லை. கூலி கொடுத்தவன் எழுதிவைத்த பெயரை, அவள் வயிற்றில் வந்த குலம் எழுதிவைக்கவில்லை.

குலப்பெருமை பேசுவதில் நாம் எவர்க்கும் இளைத்தவரல்லர். அப்பெருமையிற் பாதியைச் சுமந்தவர்களைத் தொகையில் விட்டுவிட்டுக் கூட்டினால், கணக்கு எங்ஙனம் சரியாகும்? நேயர்களே, நும் வீட்டில் முதியோர் இருக்கும்பொழுதே, அவர்களுடைய தாய் பெயரையும் பாட்டி பெயரையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். நும் பெண்மக்களின் பெயர்களையும் அதன் கீழ் எழுதுங்கள்.