மணிக்கூண்டும் மலையாளக் கணக்கும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நடந்தால் கோடியில் வந்து நிற்பது பரதேசி யூத ஆலயம். 1568-ல் கட்டியது. அதன் மணிக்கூண்டு 1760-ல் எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் எழுப்பியது. கடிகார முகங்களில் எபிரேய, ரோமானிய, மலையாள எண்கள். யார் எந்த எழுத்தில் பழகியிருந்தாலும் மணி தெரிய வேண்டுமே!

பயணிகள் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கூண்டு எழுவதற்கு 200 வருஷங்களுக்கு முன்பே, அதே மலையாளத்தில் பெரிய கணக்கு ஒன்று ஓலையில் ஏறியிருந்தது. ஜ்யேஷ்டதேவரின் ‘யுக்திபாஷா’. சுமார் 1530. ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி... இப்படியே போனால் வட்டத்தின் சுற்றளவு பிடிபடும். சங்கமகிராமத்து மாதவனின் 14-ம் நூற்றாண்டு வழி இது. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதை எட்டியது 1670-களில். மாதவனுடையது ஏன் சரி என்று ‘யுக்திபாஷா’ படிப்படியாக நிரூபிக்கிறது.

கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ் இதுபற்றி எழுதிய கட்டுரை 1834-ல் லண்டனில் வெளியானது. பெரிதாகக் கண்டுகொள்வார் இல்லை. ஆலயத்தை ஒட்டிய அரண்மனை கொச்சி ராஜாக்களுடையது. அந்தக் குடும்பத்து ராமவர்மா மரு தம்புரான், அகிலேஸ்வர ஐயருடன் சேர்ந்து 1948-ல் திருச்சூரில் அச்சேற்றினார். அதுவும் கணிதப் பகுதி மட்டும். வானியலும் சேர்ந்த ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2008 ஆயிற்று. மொழிபெயர்த்த கே.வி. சர்மா 2005-லேயே காலமாகியிருந்தார்.