54 அங்குலத்தின் கணக்கு

சென்னிமலை அடிவாரத்துத் தெருக்களில் காலையில் நடந்தால் எந்த வீட்டில் கைத்தறி, எந்த வீட்டில் விசைத்தறி என்று காதே சொல்லிவிடும். விசைத்தறி மூச்சு விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். கைத்தறி கொஞ்ச நேரம் அடித்துவிட்டுச் சற்றே நிற்கும். அறுந்த இழையை முடியவும், ஓரம் நேராக வருகிறதா என்று பார்க்கவும் நெசவாளர் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஈரோடு மாவட்டத்தின் இந்த ஊர் போர்வைக்கும் துண்டுக்கும் பேர்போனது. கொடிகாத்த குமரன் 1904-இல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்ததும் இங்கேதான்.

என் பையில் ஆறு சிட்டம் பருத்தி நூல் இருந்தது. 20-ஆம் நம்பர். ஒவ்வொரு சிட்டத்திலும் பாதியை நீலத்திலும் மறுபாதியை மஞ்சளிலும் நானே முக்கி எடுத்திருந்தேன். இரண்டும் சந்தித்த இடத்தில் பச்சை படிந்திருந்தது. ஒரே இழை, போகப் போக நிறம் மாறும். கட்டமும் டைமண்டும் நெய்து பழகிய தறியில் இதை ஊடையாக, அதாவது குறுக்கே ஓடும் இழையாகக் கொடுத்தால் என்ன வரும் என்று பார்க்க நெடுநாள் ஆசை.

அறுபதைத் தாண்டிய அந்த நெசவாளர் சிட்டத்தை வாங்கி, விரலால் நெருடி, முகர்ந்தும் பார்த்தார். நிறத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"அலசுன தண்ணிய எங்கீங் தம்பி ஊத்துனீங்க?"

வீட்டுச் சாக்கடையில் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல், "ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்துட்டு வந்திருக்கோணும் நீங்க" என்று மட்டும் சொன்னார். நூலில் பிடிக்காத சாயம் அலசும் நீரோடு போய்விடும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் அந்தப் பங்கு சிறியதல்ல. நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, மேலே திருப்பூரிலிருந்து வந்த சாயக் கழிவு தேங்கும் இடமாகிப் போனது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலமும் ஊறிய கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. ஆறு சிட்டத்தின் அலசல் நீர் மூன்று வாளிதான். ஆனால் இந்த மண்ணில் நிறத்தோடு விளையாட வருகிறவர் அந்த மூன்று வாளிக்கும் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதை அன்று காலை கற்றேன்.

முதலில் போர்வைத் தறியில் போட்டுப் பார்த்தோம். கருநீலப் பாவு, அதாவது நெடுக்கே ஓடும் இழை. உருவம் எழுப்பும் டாபிக் கருவி பூட்டி, உள்ளங்கை அகலத்துக்கு டைமண்ட் விழும் வேலை. என் நூல் தாரில் ஏறி, நாடாவில் புகுந்து ஓடத் தொடங்கியது. நாலு விரல் நெய்ததும் எனக்கு முகம் வாடிவிட்டது. மஞ்சள் ஓடிய இடத்தில் டைமண்ட் பளிச்சென்று எழுந்தது. நீலம் வந்த இடத்தில் பாவோடு கலந்து மறைந்தே போனது. ஒரு வரிசையில் பாதி டைமண்ட் இருக்கிறது, பாதி இல்லை. பூச்சி தின்ற துணி மாதிரி இருந்தது.

"தள்ளி வந்து கண்ணைச் சுருக்கிப் பாருங்" என்றார். பார்த்தேன். நிறங்கள் மங்கி, வெளுப்பும் கருப்பும் மட்டும் தெரிந்தன. உருவத்தைத் தூக்கிக் காட்டுவது நிறத்தின் பெயரல்ல, பாவுக்கும் ஊடைக்கும் உள்ள வெளுப்பு வித்தியாசம்தான். நீலமும் பச்சையும் வேறு வேறு நிறங்கள். ஆனால் இரண்டும் ஒரே அளவு கருத்திருந்தால் டைமண்ட் நிற்காது. ஊடை நிறம் மாற மாற, பாவு எல்லாவற்றையும்விடத் தெளிவாக வெளுத்தோ கருத்தோ இருந்தால்தான் பழைய உருவம் பிழைக்கும். பாவு ஒரு பக்கம் அசையாமல் நின்றால் ஊடை இஷ்டத்துக்கு மாறலாம். இதை அவர் யாரிடமும் படிக்கவில்லை. நாற்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போர்வை நெய்து, சந்தையில் ஓடியதையும் தேங்கியதையும் பார்த்துச் சேர்த்த அறிவு.

மதியத்துக்கு மேல் துண்டுத் தறிக்கு மாறினோம். வெள்ளைப் பாவு, அச்சில் 28 அங்குல அகலம், சாதா நெசவு. இந்த முறை வந்தது வேறு. வலமிருந்தும் இடமிருந்தும் படுத்தவாக்கில் சாய்ந்த கோடுகள் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, குளத்து நீரில் காற்று ஓடினாற்போல் நெளிந்தன. நான் மகிழ்ந்துபோனேன். அவரோ ஏன் இப்படி வருகிறது என்று யோசித்தார். எழுந்து போய் மிச்சமிருந்த ஒரு சிட்டத்தை இரு கைகளிலும் விரித்துப் பிடிக்கச் சொல்லி, டேப்பால் சுற்றளவை அளந்தார். 54 அங்குலம்.

சிட்டா நூலின் கணக்கு எல்லா நெசவாளருக்கும் தெரிந்ததுதான். ஒரு சுற்று ஒன்றரை கஜம், அதாவது 54 அங்குலம். 560 சுற்று சேர்ந்தால் 840 கஜம். அது ஒரு சிட்டம். 20 சிட்டம் ஒரு பவுண்டு நின்றால் 20-ஆம் நம்பர் நூல். சிட்டத்தைப் பாதி பாதியாக முக்கியதால் 54 அங்குலத்துக்கு ஒருமுறை என் நூலில் நிறம் திரும்பத் திரும்ப வருகிறது. நாடா ஒருமுறை போய்த் திரும்பினால் 28-ம் 28-மாக 56 அங்குலம் செலவாகிறது. மிச்சம் 2 அங்குலம். ஒவ்வொரு போக்கு வரத்துக்கும் நிறம் 2 அங்குலம் நகர்கிறது. போகிற இழையில் ஒரு பக்கமாகவும், வருகிற இழையில் எதிர்ப்பக்கமாகவும் நகர்வதால்தான் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. 27 முறை போய்வந்தால், 54 இழையில், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அங்குலத்துக்கு 40 இழை என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே ஓர் அலை. ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். அலை அங்கேதான் முடிந்திருந்தது.

"ஒரு அங்குலம் குறைச்சா நின்னு போயிருமுங்" என்றார்.

இரு ஓரத்திலும் அரை அரை அங்குலப் பாவை அறுத்து ஒதுக்கினார். இப்போது அகலம் 27. போய்வந்தால் சரியாக 54. நீலத்தின் நடுப்பகுதி இடது ஓரத்தில் திரும்பும்படி முதல் இழையைப் பார்த்துத் தொடங்கினார். பலகை விழ விழ, துண்டின் இடப்பாதி நீலமாகவும் வலப்பாதி மஞ்சளாகவும் பிரிந்து, நடுவே கொடி ஓடியதுபோல் பச்சை நின்றது. அதே நூல், அதே தறி, அகலத்தில் ஓர் அங்குலம் மட்டும் மாறியிருந்தது.

நிறத்தை நிற்க வைப்பதும் எளிதல்ல. இழை ஒரு நேரம் இறுகியும் ஒரு நேரம் தளர்ந்தும் வரும். பத்துப் பதினைந்து இழைக்கு ஒருமுறை நிறம் நழுவும். அப்போதெல்லாம் அவர் நிறுத்தி, ஓரத்தில் இழையை விரலால் துளி இழுத்துச் சரிசெய்தார். காலையில் தெருவில் கேட்ட அந்த நிறுத்தம்தான் இது. விசைத்தறிக்கு நிறுத்தம் நட்டம். கைத்தறியில் வேலையே அங்கேதான் நடக்கிறது. போர்வை, துண்டு உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் காகிதத்தில் தரும் காவலைவிட, விசைத்தறியால் நின்று பார்க்க முடியாத இந்த வேலை நெசவாளருக்குப் பெரிய காவல் என்று நான் நம்புகிறேன்.

நிறம் மாறும் இழையை முழுக்க வசப்படுத்தியவர்கள் தெலங்கானாவின் போச்சம்பள்ளி, புட்டபாக ஊர்க்காரர்கள். துணியின் அகலத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ப நூலைச் சுற்றி, கட்டி, முக்கி, உருவம் தானாகக் கூடிவரும்படி நெய்வது இக்கத். அங்கே நூலை முளைகளில் சுற்றும் ஆசு வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். ஒரு சேலைக்குக் கையை ஆயிரக்கணக்கான முறை வீசி நூலை மாட்ட வேண்டும். தன் அம்மாவின் தோள்வலியைப் பார்த்து வளர்ந்த சிந்தகிந்தி மல்லேசம் 1999-இல் அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் செய்து, அம்மாவின் பெயரையே வைத்து 'லட்சுமி ஆசு' என்றார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நெசவில் நடந்த சோதனைகளில் என் மனம் முதலிடம் தருவது இதற்குத்தான். நிறத்திலிருந்து தொடங்காமல் ஒரு பெண்ணின் தோளிலிருந்து தொடங்கிய சோதனை அது.

மறுநாள் இதை நான் அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நெசவாளரின் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். சாதாரண நூல் என்றால் தார் முடிந்ததும் அடுத்ததை மாட்டிவிடலாம். என் நூலில், முடிந்த இழையின் நிறமும் தொடங்கும் இழையின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். அதற்காக ஒவ்வொரு தாருக்கும் நுனியைத் தேடி, நிறம் பார்த்து, தேவையற்றதைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்:

"ஏங் கண்ணு, இந்த ரெண்டு நாளுக்கு எந்தக் கணக்குல கூலி எழுதறது?"

எனக்குப் பதில் இல்லை. அவர்களுக்குக் கூலி பீஸ் கணக்கு. துண்டு இறங்கினால் பணம். இந்த இரண்டு நாளில் இறங்கியது பாதி மறைந்த டைமண்டும், அலையடித்த ஒரு சாணும், இப்போது தறியில் இருக்கும் இந்த ஒரு துண்டும். பீஸ் கூலியில் தார் சுற்றும் கைக்கு எப்போதுமே தனிக் கணக்கு கிடையாது. அது வீட்டு வேலையோடு வேலையாகக் கரைந்துவிடும். கைத்தறி புதுமை செய்ய வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம், பத்திரிகையில் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் புதுமைக்கான நாட்களை நெசவாளர் தன் அடுப்பிலிருந்துதான் எடுத்துத் தர வேண்டும் என்றால் அவர் ஏன் செய்வார்? நேற்று ஓடிய கட்டத்தையே இன்றும் நெய்வதைப் பிடிவாதம் என்று இனி என்னால் எழுத முடியாது. அவருக்குக் கட்டுபடியாவது அது ஒன்றுதான்.

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சோதனை நாட்களுக்கு நாள்கூலி; அதுவும் இரண்டு பேருக்கு, ஒருவர் தறிக்கு, ஒருவர் ராட்டைக்கு. துணி தேறினாலும் தேறாவிட்டாலும் அது மாறாது. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், பெட்டியைத் திறந்து மடித்த ஒரு துண்டை எடுத்துவந்தார். நீலப் பாவு, பச்சை ஊடை, மயில்கழுத்து. வாசல் வெளிச்சத்தில் திருப்பத் திருப்ப ஒரு பக்கம் நீலம் எழுந்தது, மறுபக்கம் பச்சை. பாவும் ஊடையும் வளையும் திசை வேறு. ஒரு கோணத்தில் ஒன்று வெளிச்சத்தைத் தருகிறது, அடுத்த கோணத்தில் மற்றது. பட்டில் இன்னும் மினுங்கும். இழை ஒவ்வொன்றும் ஒரே நிறம்தான், மாறுவது துணி. "எங்கப்பா நெய்ததுங்க" என்றார். யாரோ ஒருவர் முதன்முதலில் பொருந்தாத இரண்டு நிறத்தைத் தறியில் ஏற்றி, அன்றைய நாளைப் பணயம் வைத்துப் பார்த்திருக்கிறார். அதைத்தான் இன்று நாம் மரபு என்கிறோம்.

மூன்றாம் நாள் துண்டை அறுத்து என் கையில் தந்தார்கள். வீட்டுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். இடது நீலம், வலது மஞ்சள், நடுவே பச்சை. ஊரார் பார்ப்பது அதைத்தான். நான் இடது ஓரத்தில் விரலை ஓட்டித் தார் மாற்றிய இடங்களைத் தேடினேன். நாலு இடம் இருக்க வேண்டும். எனக்குத் தெரியும், அருகிலிருந்து பார்த்தவன். நீலத்தோடு நீலம் அவ்வளவு சரியாகப் பொருந்தியிருந்தது. இரண்டைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது.