ஜாக்கியை நம்பலாமா?

மேடு பள்ளத்தில் காரின் முன்பக்கம் 'கடகட'வென்கிறதா? "இதற்கு மெக்கானிக் எதற்கு?" என்று உங்கள் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டுகிறாரா? கொஞ்சம் அருகில் போய் நில்லுங்கள், சகோதரிகளே!

எங்கள் பழைய மாருதி 800-இன் முன்சக்கர லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் நைந்துவிட்டது. புதிது போடலாம், ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி மனிதர் அடியில் நுழைவதாவது! ஜாக்கி தூக்குவதற்குத்தான்; தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். அது வரும்வரை ஸ்பானர்கள் என் அரிசி டின்னில்தான் இருந்தன.

ஸ்ட்ரட்டைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். அதில் சுருள் ஸ்பிரிங் அழுந்திக் கிடக்கிறது. உரிய கருவியால் கவ்வாமல் உச்சி நட்டைக் கழற்றினால் ஆளையே அடித்துவிடும்.

புஷ் போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே. இல்லாவிட்டால் புது ரப்பரும் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அப்புறம் வீல் அலைன்மெண்ட். அதற்கு மெக்கானிக்கிடம்தான் போனோம். இவர் அங்கே வாயே திறக்கவில்லை!