ஒரு பக்கெட் அரிசி

"எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா!" என்று என் மாமியார் அலுத்துக்கொள்வது வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் போனால் ஏழை வீட்டு அடுப்பு எரிந்த கதையும் உண்டே!

2014-ல் அமெரிக்காவில், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு படம் போட்டார்கள். "அடுத்து நீ!" என்று சிநேகிதர்களையும் இழுத்துவிட்டார்கள். விளையாட்டுப் போலத்தான். ஆனால் அங்குள்ள ஏ.எல்.எஸ். சங்கத்துக்குச் சேர்ந்தது 11.5 கோடி டாலர்!

தண்ணீரைக் கொட்டி விளையாட நமக்குக் கட்டுப்படியாகுமா? அதே வருஷம் ஆகஸ்டில் ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சுலதா கலாநிதி அதையே நம் ஊருக்கு ஏற்ப மாற்றினார். ஒரு பக்கெட் அரிசியை இல்லாதவருக்குக் கொடுங்கள், படத்தை ஃபேஸ்புக்கில் போடுங்கள் என்றார். ஒருவரைப் பார்த்து ஒருவர் அரிசி அளந்தார்கள்.

எனக்கு ஒன்றுதான் மனசு ஒப்பவில்லை. வாங்குகிறவர் முகத்தை எதற்குப் படம் பிடிக்கணும்? கை நீட்டுவதே கூச்சம். அதை ஊரே பார்க்கணுமா? நான் போட்டால் பக்கெட்டை மட்டும்தான் போடுவேன். அதைப் பார்த்து நாலு பேர் கொடுப்பார்கள். வாங்கினவளும் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பாள். நீங்க என்ன சொல்றீங்க?