கட்டில் சட்டம் வைத்த பிக்அப்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி மஹய்யாவ ஊடாகத்தான் போகிறது. அந்த வீதியின் மறு நுனியில் பிறந்த நான், பாதை திறந்த 2002ஆம் ஆண்டில் பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தேன். தையல்தான் தொழில். சென்ற வருடம் ஒருநாள் தைத்த உடுப்புகளைக் கொடுக்கப் போகும்போது, ஒரு கராஜ் வாசலில் குட்டைப் பிக்அப் ஒன்று நிற்கக் கண்டேன். அதற்கு மேல் என் கால்கள் நகரவில்லை.

எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஒஸ்ரின் ஏ40. மாமா வாங்கி ஓடியது. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிப் பெற்றோல் தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் இந்தப் பழைய வாகனங்கள்தான் கைகொடுத்தன. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். தெருவெல்லாம் புகை.

ஷெல் விழுந்து எங்கள் பிக்அப்பின் செசி பின்சில்லுக்கு முன்னால் வளைந்துவிட்டது. என் கணவர் வளைந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பொருத்தினார். ஜெனரேற்றர் இருந்த பட்டறையில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டு விட்டுவிடக்கூடாது என்று, எனது சீதனக் கட்டிலின் இரும்புச் சட்டத்தை இரண்டாக அறுத்து, இரு பக்கமும் வைத்து போல்ட் முறுக்கினார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிள்ளைகள் அதற்கு “வால் அறுந்த பல்லி” என்று பெயர் வைத்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அந்தப் பல்லிதான் எங்களைச் சுமந்தது. வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்ற என் அப்பாவைக் கூட்டிவர, இவர் மறுபடியும் அதை எடுத்துக்கொண்டு போனார். அப்பா சனத்தோடு சனமாக நடந்தே வந்து சேர்ந்தார். இவர் வரவில்லை. பிக்அப்பும் வரவில்லை.

அதன் பதிவுப் புத்தகம் மட்டும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு என் பையில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

கராஜ்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். விஷயத்தைச் சொன்னேன். “தங்கச்சி, வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாங்க” என்றார். அந்த வாகனத்தின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன் பதிந்த வாகனம். எங்களுடையதும் அப்படித்தான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“தகட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தகட்டைக் கழற்றி மாற்றலாம்” என்று நானா ஒவ்வொன்றாகக் காட்டினார். குட்டையாக்கிய பிக்அப்பில் ஓட்டுநர் அறைக்கும் பின்சில்லுக்கும் இடையில் இடைவெளி குறைந்திருக்கும். கீழே ஓடும் ஷாப்ற்றையும் வெட்டியிருப்பார்கள், அதில் மோதிரம் போல ஒட்டுத் தழும்பு தெரியும். செசியில் வெட்டிய இடத்தை எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் விரலால் தடவினால் பிடிபடும். கடைசியாக, செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

இலக்கத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. சாக்கை விரித்துக் கீழே படுத்து, டோர்ச் அடித்துக் கட்டில் சட்டத்தைத் தேடினேன். ஒட்டு இருந்தது. நேரான, சுத்தமான ஒட்டு. சட்டமும் இல்லை, போல்ட் போட்ட துளைகளும் இல்லை. பிறகு நானா இலக்கத்தை வாசித்தார். அதுவும் வேறு.

எழும்பி உட்கார்ந்து அழுதேன். அது எங்களுடையது இல்லை என்ற கவலையா, எங்களுடையதாக இருந்திருந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டியிருக்கும் என்ற பயம் விட்டுப்போனதா, எனக்கே தெரியவில்லை. நானா தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். “நம்பரை எழுதித் தாங்க. இப்படி ஒன்று வந்தால் நான் பார்க்கிறேன்” என்றார். கட்டில் சட்டத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

சகோதரிகளே, உங்களிடமும் இப்படி ஏதாவது ஒரு பழைய புத்தகம், ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். பொருள் போய்விட்டதே, இது எதற்கு என்று எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள இலக்கத்தை வேறோர் இடத்திலும் எழுதி வையுங்கள். கடதாசியில் இல்லாத அடையாளங்களும் உங்களுக்குத் தெரியும், அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். என் மகளுக்கு இப்போது அந்தக் கட்டில் சட்டத்தின் கதை தெரியும். அது பச்சை நிறம் என்பதும் தெரியும்.