விசாரணைக்கு ஒரு வரிசை உண்டு

நேற்று இரவு வரையில் விரல் தொட்ட மாத்திரத்தில் விரிந்துகொண்டிருந்த ஓர் இணையதளம் இன்று காலையில் வெறும் வெள்ளைத் திரையாக நின்றுவிடுமானால், நம்மில் பெரும்பாலோர் விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறோம். தளத்தையே மூடிவிட்டார்கள் என்பார் ஒருவர்; லைன் போய்விட்டது என்பார் மற்றொருவர்; கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் நடக்கக்கூடியதே. ஆயினும், நடந்தது எது என்று அறிவதற்கு ஊகத்தின் வேகத்தைக் காட்டிலும் விசாரணையின் நிதானமே துணைசெய்யும் என்பது என் திடமான நம்பிக்கை.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இது அற்ப விஷயமன்று. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீடுகளில் முதியவர் ஒருவரோ இருவரோ வாழ்கிற இந்தப் பிரதேசத்தில், ஓய்வூதியக் கணக்கும் மின்கட்டண ரசீதும் பேரக்குழந்தையின் படமும் பிரௌசர் வழியாகவே வந்துசேருகின்றன. படிப்பும் அவ்வாறே. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் ஆயுள் முழுதும் பிரயாசைப்பட்டுச் சேர்த்த நூல்கள், 1992இல் அவர் மறைந்த பின்னர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தமிழ்நாட்டை விட்டு நீங்காமல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் விலையின்றி வைத்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தோன்றிய நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக ஒரு மின்னூலகத்தை நடத்துகிறது. கண்ணுக்குக் கண்ணாடியும் மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தால், செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் இருந்தபடியே இச்செல்வத்துள் இணையத்தில் உள்ளவற்றை ஒருவர் அநுபவிக்கலாம். ஒரு தளம் திறக்கவில்லையென்றால் அவருடைய அன்றைய படிப்பும் நின்றுபோகிறது.

ஒரு பக்கம் நம் கண்முன் வருவதற்குள் அநேக காரியங்கள் நிகழ்கின்றன. நாம் எழுதுவது பெயர்; இயந்திரங்கள் ஒன்றையொன்று தேடிப்போவது எண்ணைக்கொண்டு. பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தளித்தார். எண் கிடைத்ததும் நம் கோரிக்கை வீட்டு மோடத்தை விட்டுப் புறப்பட்டு, தெருக்கம்பத்து ஃபைபரிலும், வேண்டுமானால் கடலடிக் கேபிளிலும் சென்று, தொலைதூரத்துச் சர்வரை அடைகிறது. அந்தச் சர்வர் தன் சான்றிதழைக் காட்ட, பிரௌசர் அதன் பெயரையும் கெடுவையும் சோதித்துத் திருப்தியடைந்த பிறகே பக்கத்தை வாங்கி நமக்கு விரிக்கிறது.

இந்தப் பாதையில் எந்த இடமும் தவறக்கூடியது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 2008 ஜனவரி 30இல் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, அந்தக் கடலைக் கண்ணால் காணாத இந்திய ஊர்களிலெல்லாம் இணையம் தளர்ந்தது. 2021 அக்டோபர் 4இல், பராமரிப்பு வேலையின்போது பிறப்பித்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் டி.என்.எஸ். சர்வர்களுக்குச் செல்லும் வழி உலகத்தின் பார்வையிலிருந்தே மறைய, வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் அதனோடு சேர்ந்து ஏறத்தாழ 6 மணி நேரம் அடங்கிக் கிடந்தன. அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 30இல், தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்றின் கெடு முடிந்தது. அதனால், எக்குறையுமற்ற தளங்கள் பழைய கருவிகள் பலவற்றில் மட்டும் திறக்காமற்போயின. பயனாளிக்கோ இம்மூன்றும் ஒரே தோற்றந்தான்: தளம் வரவில்லை. தோற்றம் ஒன்றாயிருக்கக் காரணம் வேறுவேறாயிருப்பதால்தான் விசாரணைக்கு ஒரு வரிசை அவசியமாகிறது.

அந்த வரிசை செட்டிநாட்டார்க்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் பழகவேண்டியிருந்தது கணக்குப் பார்க்கும் பொறுமையே. ஐந்தொகை நேராகவில்லையென்றால் கணக்கர் எவர்மீதும் பழி கூறமாட்டார். பேரேட்டைப் பிரிப்பார், அதிலிருந்து சிட்டைக்குப் போவார், சரியென்று கண்ட பக்கத்தைக் கடந்து, பிழை ஒளிந்திருக்கும் இடத்தை மேன்மேலும் சுருக்கிக்கொண்டே வருவார். திறக்காத தளத்துக்கும் மார்க்கம் இதுவே. வேறு தளம் திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றுமே திறக்கவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் மோடத்திலோ லைனிலோதான். மற்றவை திறந்தால், வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் சொந்த டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே வந்தால் சர்வர் உயிரோடிருக்கிறது, தேடவேண்டியது நம் வீட்டுக்குள்ளோ நம் லைனிலோ என்று தெளிவாகும். பிறகு பிரௌசரின் மறைநிலை ஜன்னலில் திறப்பது. அதில் வந்துவிட்டால், பழைய கேஷ், குக்கீ, இடையில் சேர்த்த எக்ஸ்டென்ஷன் ஆகியவற்றில் ஒன்றே தடை. இத்தனைக்கும் நடுவே, திரையில் வரும் எச்சரிக்கையை நிதானமாக வாசிப்பது மிக முக்கியம். பெயர் கிடைக்கவில்லை என்றால் டி.என்.எஸ்.; 404 என்றால் தளம் இருக்கிறது, கேட்ட பக்கம் இல்லை; 503 என்றால் சர்வரால் அந்நேரம் ஈடுகொடுக்க முடியவில்லை, சற்றுப் பொறுத்து வரலாம். அந்தச் சொற்கள் பயமுறுத்துவதற்காக எழுதப்பட்டவையல்ல, வழிகாட்டுவதற்காக எழுதப்பட்டவை.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நாள்தோறும் படித்துவந்த நூலகத் தளம் ஓர் ஐப்பசி மாதத்தில் திடீரென்று நின்றுபோயிற்று. வேறொரு பழைய தளம் வழக்கம்போல் திறந்ததால் லைனில் குற்றமில்லை என்று அவர் கொண்டார். ஆகவே நூலகத்தையே மூடிவிட்டார்கள் என்று மனம் வருந்தியிருந்தார். கல்லுக்கட்டிப் பக்கத்துக் கடையிலிருந்து வந்த பழுதுபார்க்கும் இளைஞர், தம் கைபேசியில் அந்தத் தளம் வருவதைக் கண்டார். திரையிலிருந்த எச்சரிக்கையை வாசித்தார். வலது கீழ்மூலையை நோக்கினார். அங்கே தேதி 2009 ஜனவரி 1 என்றிருந்தது.

“ஐயா, பிளக்கைப் பிடுங்கி வச்சிருந்தீங்களா?”

“இடி இடிச்சா பிடுங்கித்தானே தம்பி வைக்கணும்?”

காரணம் அதில் இருந்தது. மின்சாரம் அறவே இல்லாத வேளையில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓடவைப்பது மதர்போர்டில் பதிந்துள்ள 3 வோல்ட் சிமாஸ் பேட்டரி. அது தீர்ந்துபோயிருந்ததால், பிளக்கைப் பிடுங்கியதும் காலம் பின்னோக்கி ஓடிவிட்டது. 2009இல் நிற்கும் இயந்திரத்துக்கு இவ்வாண்டின் சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்று. ஏற்க மறுப்பது அதன் கடமை. சான்றிதழ் கேட்காத பழைய வகைத் தளமோ தடையின்றித் திறந்தது. இடைவெளி மிகப் பெரிதானால் கம்ப்யூட்டர் இணையத்தைக் கேட்டுத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்வதுமில்லை. இளைஞர் தேதியைச் சரிசெய்து, 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வில்லையை மாற்ற, நூலகம் திறந்தது. புதுக் கம்ப்யூட்டருக்கு ஆகவேண்டிய பெருந்தொகை மிச்சமாயிற்று. அதனினும் பெரிது, ஆசிரியரின் வருத்தம் நீங்கியது.

அந்த இளைஞரை நான் மெச்சுவது பழுதை நீக்கிய திறமைக்காக மாத்திரமன்று. தேதியைப் பார்ப்பது எப்படி, எச்சரிக்கையில் எந்த வரியை வாசிப்பது என்பதையெல்லாம் அவர் ஆசிரியரைக்கொண்டே செய்வித்துக் காட்டிவிட்டுப் போனார். விடுமுறைக்கு ஊர் வரும் பேரப்பிள்ளைகளும் இவ்வாறே, நொடியில் சரிசெய்து எழுந்துவிடாமல், ஐயாவையும் அப்பத்தாவையும் அருகில் இருத்தி அந்த வரிசையைச் சொல்லித்தரவேண்டும். தளங்களை நடத்துவோரும், பழைய கம்ப்யூட்டரோடு சிற்றூரில் இருப்பவர் ஒருவர் தம் வாசகர் என்பதை எண்ணி, எச்சரிக்கைகளைத் தெளிந்த தமிழில் எழுதவேண்டும். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் இதற்கென ஒரு பாடம் வைப்பதும் தகும். காரணத்தைப் படிப்படியாகத் தேடப் பழகியவர் இயந்திரத்துக்கு அஞ்சமாட்டார்; ஆராயாமல் பிறர்மீது பழி சுமத்தவும் மாட்டார். கல்வியின் பயன்களில் இவ்விரண்டும் தலையாயவை.